ஏழு பாட்டன்களோடு பெண் கேட்கப் போனவன்

மனித குலம் கண்டுபிடித்த படிப்புகளிலேயே எவருக்கும், எக்காலத்திலும், எள்ளளவும் பயன்படாதது சரித்திரம் ஒன்றுதான். இது என் அபிப்பிராயம் அல்ல. ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்ட உண்மை. நிரூபித்தவன் என் அறைத்தோழன் கிஸ்ஸா. நிரூபித்த இடம், கம்பாலாவில் எங்கள் விடுதி வாசலில் நிற்கும் ரோலெக்ஸ் வண்டி. சப்பாத்திக்குள் முட்டையை வைத்துச் சுருட்டித் தருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்ததால் நிரூபணம் சற்றுச் சுருக்கமாகவே அமைந்துவிட்டது.

"சரித்திரம்னா என்ன? நடந்து முடிஞ்சது. முடிஞ்சதை மாத்த முடியுமா? முடியாது. செஞ்சவன் இருக்கானா? செத்துட்டான். ஏன்டா செஞ்சேன்னு அவன்கிட்டப் போய்க் கேக்க முடியுமா?"

"வெங்காயம் போடவா?" என்றான் வண்டிக்காரன்.

"போடு. அப்ப எதுக்கு மூணு வருஷம் அதைப் படிக்கணும்? செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ள யாருன்னு கேக்கிற வேலை. தக்காளி வேணாம்."

கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் நால்வரும் வணிக நிர்வாகம் படிப்பவர்கள். ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் அதை எங்கள் சுவர்ப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டேன். சரித்திரத் துறைக்கு இரங்கல் செய்தியும் எழுதினேன். இறந்த தேதி மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சரித்திரத் துறையைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள்.

இவ்வளவு தெளிவான மனிதனுக்கு ஒரே ஒரு சிக்கல். அவன் காதலித்த பெண் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கோவியா அதிகம் பேசமாட்டாள். ஆனால் கேள்வி கேட்பாள். நம் கடிகாரம் நின்றுவிட்டதைச் சொல்லாமல், மணி என்ன என்று மட்டும் கேட்கிற ரகம். இரங்கல் செய்தியைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

படிப்பு முடிந்த ஆண்டே கிஸ்ஸாவுக்கு ஒரு சிமெண்ட் வியாபாரியிடம் வேலை கிடைத்தது. நவம்பர் மாதம் சனிக்கிழமை ஒன்றில் மசாக்கா பக்கம் உள்ள அவள் ஊருக்குப் போய் முறைப்படி பெண் கேட்பதென்று நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கேட்பது லேசான காரியம் அல்ல. பெண்வீட்டு வாசலில் இரண்டு பந்தல். ஒன்றில் அவர்கள், எதிரே நாங்கள். நடுவில் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பேச்சாளர். கோழி, துணி, சர்க்கரை எல்லாம் கூடைகூடையாகப் போகும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மாப்பிள்ளை எழுந்து நின்று, தான் இன்னார், இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன குலம் என்று அடுக்க வேண்டும். எத்தனை தலைமுறை சொல்கிறானோ அத்தனை கௌரவம். ஏற்கெனவே அந்த வீட்டுக்கு ஒரு மருந்துக்கடைக்காரன் பெண் கேட்டு வந்திருந்தான். ஒன்பது தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தானாம். ஸ்கோவியா வேண்டாம் என்றதால்தான் அவன் திரும்பிப் போனான். "அந்த ஒன்பதை வேணாம்னுட்டு இவ கூட்டிட்டு வர்றவனையும் பாத்துடுவோம்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

கிஸ்ஸாவிடம் இருந்த சரக்கு ஒரு தலைமுறைதான். அப்பா செபுக்வாவோ, குலம் குரங்கு. அதாவது குரங்குக் கறி சாப்பிடக்கூடாத குலம். அதற்குமேல் எதுவும் தெரியாது. அவன் அப்பா அதிகம் வாய் திறக்காத மனிதர். தாத்தா என்ற சொல் வீட்டில் எழுந்தாலே, ஆடு கட்டு அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொல்லைக்குப் போய்விடுவார். அந்த வீட்டு ஆடுகள் அளவுக்குக் கண்காணிக்கப்பட்ட ஆடுகள் உலகில் வேறெங்கும் இல்லை.

"நான் வேணா உங்க அப்பாகிட்ட உன்னை உக்கார வைக்கட்டுமா? ஒரு மணி நேரம் போதும்" என்று ஸ்கோவியா கேட்டாள்.

"அவருக்கே பிடிக்கலை. எனக்கும் பிடிக்கலை. செத்தவங்களுக்கும் பிடிச்சிருக்காது. யாருக்காகக் கேக்கணும்?"

"எங்க அப்பா கேப்பாரே?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

"சரி" என்றாள். அவள் 'சரி' என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விடுதியில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

அவன் பார்த்துக்கொண்ட விதம் இது. புறப்படுவதற்கு முந்தின நாள் அறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, தனக்குத் தேவையான பாட்டன்களைத் தானே உற்பத்தி செய்தான். பெயரைச் சொல்வான், நான் கேட்டுவிட்டு, கம்பீரம் போதுமா என்று அபிப்பிராயம் சொல்வேன். தாத்தாவுக்கு ஒரு பெயர், அவர் அப்பாவுக்கு ஒரு பெயர் என்று ஏறிக்கொண்டே போனான்.

"முகலுலா. எப்படி?"

"முரசு அடிச்ச மாதிரி இருக்கு."

"அவர்தான் என் கொள்ளுத்தாத்தா. போர்ல யானையைக் கொன்னாரு."

"போர்ல யானை எங்கடா வந்துச்சு?"

"வழியில வந்துச்சு. அதைச் சரித்திரம் படிச்சவன் சொல்லட்டும்."

மொத்தம் ஏழு பேர். ஒன்பதுக்குக் குறைவுதான், ஆனால் ஏழு பேருமே வீரர்கள், யாருக்கும் கடன் இல்லை. அசல் பாட்டன்களைவிட இது மேல் என்று எனக்கும் பட்டது.

சனிக்கிழமை காலை இரண்டு வேன்களில் புறப்பட்டோம். கிஸ்ஸாவின் அம்மா அப்பா எங்கள் வழக்கப்படி வரவில்லை. மாப்பிள்ளையின் பெற்றோர் வீட்டில் காத்திருப்பார்கள். எங்கள் தரப்புப் பேச்சாளரைக் கூலிக்குப் பேசியிருந்தோம். சாலோங்கோ என்று கூப்பிடுவோம். இரட்டைப் பிள்ளை பெற்றவருக்கு அதுதான் பட்டம். நல்ல குரல், நல்ல தொப்பை. மசாக்கா சாலையில் வேன் நின்ற இடத்திலெல்லாம் வறுத்த வெட்டுக்கிளி விற்கிற பெண்கள் ஜன்னலுக்குள் கையை விட்டார்கள். நவம்பர் மாதம் வெட்டுக்கிளி தின்னாதவன் மனிதனே அல்ல. கிஸ்ஸா பதற்றத்தில் பொட்டலத்துக்கு மேல் பொட்டலமாகத் தின்றான்.

"தம்பி, உன் பாட்டன்மார் பேரை எனக்கு ஒரு தடவை சொல்லிடு. எங்கயாவது இடிச்சா நான் பாத்துச் சமாளிப்பேன்" என்றார் சாலோங்கோ.

"இடிக்காது மாமா. எல்லாம் புத்தம் புதுசு" என்றான் கிஸ்ஸா, வாய் நிறைய வெட்டுக்கிளியோடு.

பெண்வீட்டுப் பேச்சாளர் பெயர் மெத்தோடியஸ். ஒல்லியான மனிதர், வெள்ளை நீள அங்கிக்கு மேல் கோட்டு, தூங்குவதுபோல் பாதி மூடிய கண். நாங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்துவிட்டார்.

"யாரு இது? சாவு வீடு அடுத்த தெரு."

"சாவு வீட்டுக்கு வரலைங்க, இந்த வீட்டு வாசனைக்கு வந்தோம்" என்றார் சாலோங்கோ.

"வாசனைக்கு வந்தவங்க மூக்கை மட்டும் அனுப்பியிருக்கலாமே? எதுக்கு ரெண்டு வேன்?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தாமதத்துக்கு அபராதம், அபராதத்தை முணுமுணுத்ததற்கு அபராதம் என்று கழிந்து உள்ளே உட்கார்ந்தோம். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஸ்கோவியாவின் அப்பா எதிர்ப் பந்தலில் நடுநாற்காலியில், கைத்தடி மேல் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை, ஸ்கோவியாவின் அத்தை. பளபளக்கும் ஊதா உடுப்பு, இடுப்பில் பெரிய முடிச்சு. எங்கள் பக்கத்தில் அத்தை சம்மதிக்காமல் எந்தப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போக முடியாது.

"சரி, மாப்பிள்ளைனு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அவரு பேசுவாரா, இல்லை அதுக்கும் கூலி குடுக்கணுமா?" என்றார் மெத்தோடியஸ்.

கிஸ்ஸா எழுந்தான். கோட்டைச் சரிசெய்தான்.

"நான் கிஸ்ஸா. செபுக்வாவோ மகன். குரங்குக் குலம்."

"வாங்க. அவருக்கு மேல?"

அவன் ஏறினான். தாத்தா வந்தார். அவர் வீரம் வந்தது. குரல் ஏற ஏற எங்கள் பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அவருடைய அப்பா முகலுலா! போரில் யானையைக் கொன்றவர்!" என்றான்.

கைதட்டலுக்காக அவன் விட்ட இடைவெளியில் கைதட்டல் வரவில்லை. எதிர்ப் பந்தலில் ஒரு சலசலப்பு ஓடியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாலோங்கோ கண்ணை மூடிக்கொண்டார். மெத்தோடியஸின் கண் அன்றைக்கு முதல்முறையாக முழுசாகத் திறந்தது.

"யாரு?"

"முகலுலா."

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி, எனக்கு வயசாச்சு."

"முகலுலா" என்றான், கொஞ்சம் சின்னக் குரலில்.

நகரத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அந்தப் பந்தலில் இருந்த சமையல்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. எங்கள் மக்களுக்குள் பெயர் என்பது கண்ட இடத்தில் பொறுக்கி வைப்பதல்ல. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முகலுலா என்பது வெட்டுக்கிளிக் குலத்தின் பெயர். அதுவும் சாதாரணப் பெயரல்ல, அந்தக் குலத்தின் தலைவருக்கே உரியது. ஸ்கோவியாவின் அம்மா வெட்டுக்கிளிக் குலம்.

"கணக்குப் போடுவோம்" என்றார் மெத்தோடியஸ், மிகுந்த மரியாதையோடு. "உங்க கொள்ளுத்தாத்தா முகலுலா. அப்ப நீங்க வெட்டுக்கிளி. எங்க வீட்டு அம்மாவும் வெட்டுக்கிளி. அப்ப அவங்களுக்கு நீங்க தம்பி. பொண்ணுக்குத் தாய்மாமன். வாங்க மாமா! மருமகளைக் கட்டிக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பந்தல் குலுங்கியது. ஆனால் எங்களுக்கு அது சிரிக்கிற விஷயமல்ல. எங்கள் ஊரில் அம்மாவின் குலத்தில் கட்டுவதும் கூடப்பிறந்தவளைக் கட்டுவதும் ஒன்றுதான். நினைத்தாலே காறித் துப்புவார்கள்.

"ஐயா, பிள்ளை வாய் தவறி..." என்று சாலோங்கோ எழுந்தார்.

"வாய் தவறலை ஐயா. வாய் நல்லா வேலை செய்யுது. அந்த உதட்டோரத்துல என்ன ஒட்டியிருக்கு? கொஞ்சம் துடைக்கச் சொல்லுங்க."

கிஸ்ஸா துடைத்தான். விரலில் ஒரு வெட்டுக்கிளிக் கால் வந்தது.

"சொந்தக் குலத்தையே வழியெல்லாம் தின்னுட்டு வந்திருக்காரு!" என்று அத்தை கூவினாள். "அண்ணே, அந்த மருந்துக்கடைப் பையன் ஒன்பது சொன்னான். ஒருத்தரையும் தின்னலை!"

நான் கீழே குனிந்து செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

ஸ்கோவியாவின் அப்பா எழுந்தார். சிரிப்பு நின்றது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"பேரு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். பாட்டனைச் செஞ்சு எடுத்துட்டு வர்றவன் நாளைக்கு என் பொண்ணுகிட்ட எதைச் செஞ்சு காட்டுவான்? கூடைகளை எடுத்துக்குங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. பசியோட அனுப்ப மாட்டோம்."

அவ்வளவுதான். ஏழு பாட்டன்களும் ஒரே நேரத்தில் செத்தார்கள். கிஸ்ஸா நின்றுகொண்டே இருந்தான்.   சிமெண்ட் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, ஏற்றிய வண்டி வேறொருவருடையது என்று தெரிந்துகொண்டவன்போல.

மெத்தோடியஸ் தொண்டையைச் செருமினார். "ஒரு சடங்கு பாக்கி இருக்குங்க. பொண்ணைக் கேக்கணும். இவங்களைத் தெரியுமா தெரியாதானு அவ வாயால சொல்லாம நாம அனுப்ப முடியாது."

"கேளு" என்றார் அப்பா, உட்காராமலே.

ஸ்கோவியாவை அழைத்து வந்தார்கள். மஞ்சள் உடுப்பு, தலை குனிந்த நடை. அப்பாவின் முன்னால் பாயில் மண்டியிட்டாள். அவ்வளவு அடக்கமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மாடி, அதோ நிக்கிறாரே, முகலுலாவின் கொள்ளுப்பேரன். அவரைத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் ஸ்கோவியா.

எங்கள் பந்தலில் யாரோ "ஐயோ" என்றார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

"முகலுலாவின் கொள்ளுப்பேரன் யாரையும் எனக்குத் தெரியாது" என்றாள் தலை நிமிராமல். "ஆனா அவர் நிக்கிற அதே இடத்துல, அவர் போட்டிருக்கிற அதே கோட்டுக்குள்ள, குரங்குக் குலத்து செபுக்வாவோ மகன் கிஸ்ஸானு ஒருத்தர் இருக்காரு. அவரைத் தெரியும்."

மெத்தோடியஸ் இரண்டடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஒரு தொழில்காரனின் சந்தோஷம். "எப்படித் தெரியும்? கோட்டை வெச்சா?"

"செபுக்வாவோவோட அப்பா லுபேகா. லுபேகாவோட அப்பா கட்டெரேகா. மூணு பேரும் குரங்குக் குலம். வோபுலென்சி ஊருக்கு மேக்கால காப்பித் தோட்டம் இருந்துச்சு. இதுல யானையைக் கொன்னவங்க யாரும் இல்லை. கட்டெரேகா ஒரு தடவை வாழைத்தார் திருடி அபராதம் கட்டியிருக்காரு."

சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. கிஸ்ஸா மட்டும் சிரிக்கவில்லை. தன் கொள்ளுத்தாத்தாவின் திருட்டை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரும்மா சொன்னது?" என்றார் அவள் அப்பா.

"அவங்க அப்பா. மாமரத்தடியில அவரோட உக்காந்து கடலை உரிச்சுக் குடுத்தேன். முதல் மூணு தடவை ஆட்டைப் பாக்கப் போயிட்டாரு. நாலாவது தடவை நானும் கூடவே போயிட்டேன்."

"அவரு பொய் சொல்லியிருந்தா?"

"அதனாலதான் வோபுலென்சியில இருக்கிற அவரோட அக்காவைத் தனியாப் போய்ப் பாத்தேன். தம்பி சொன்னதைப் பத்திப் பேச்சே எடுக்காம, உங்க அப்பா பேரு என்ன, தாத்தா பேரு என்ன, அவருக்கு மேல யாருனு மட்டும் கேட்டேன். இந்தப் பேரெல்லாம் ஒத்துப்போச்சு. வாழைத்தாரும் ஒத்துப்போச்சு. கட்டெரேகாவோட அப்பா பேருல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டை. இவரு ஒண்ணு சொல்றாரு, அவங்க ஒண்ணு சொல்றாங்க. அதனால அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன்."

அத்தை விடவில்லை. "இதெல்லாம் தகப்பனே பையன்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லலை?"

ஸ்கோவியா தலையை நிமிர்த்தினாள். முதல்முறையாக எங்கள் பந்தல் பக்கம் பார்த்தாள்.

"உள்நாட்டுப் போர் வந்த வருஷத்துல ஊரே காலி பண்ணி ஓடுச்சு. லுபேகா மட்டும் வரலை. காப்பிப் பழம் பறிக்கிற நேரம், நான் பின்னால வர்றேன்னு மகன்கிட்டச் சொன்னாராம். திரும்பி வந்து பாத்தப்ப வீடு இல்லை. அவரும் இல்லை. எங்க கிடக்காருனு யாருக்கும் தெரியாது. இப்ப அந்த நிலத்துல யாரோ மக்காச்சோளம் போட்டிருக்காங்க. அப்பா பேரைச் சொன்னா, உங்க அப்பா சமாதி எங்கனு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் அவரு ஆட்டைப் பாக்கப் போறாரு."

  இருநூறு பேர் உட்கார்ந்திருந்த பந்தலில் சமையல்கட்டுச் சட்டி கொதிப்பது கேட்டது. கிஸ்ஸா மெதுவாக நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

அவள் அப்பா கைத்தடியை ஊன்றி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் இந்தப் பக்கமும் நிறையப் பேரு ஓடி வந்தாங்க. எங்க வாழைத்தோப்புல கொஞ்ச பேரு தங்கியிருந்தாங்க. பேரு கேக்கலை. பசினு வந்தவங்ககிட்டப் பேரு கேக்கிற வழக்கம் இல்லை." பிறகு கிஸ்ஸாவைப் பார்த்தார். "இங்க வா."

கிஸ்ஸா இரண்டு பந்தலுக்கும் நடுவே வந்து நின்றான்.

"அவ சொன்னா. அது அவ சொல்றது. உன் வாயால சொல்லு."

"நான் கிஸ்ஸா" என்றான்.  "செபுக்வாவோ மகன். லுபேகா பேரன். கட்டெரேகா கொள்ளுப்பேரன். குரங்குக் குலம்."

"அவருக்கு மேல?" என்றார் மெத்தோடியஸ், பழக்கதோஷத்தில்.

கிஸ்ஸா வாயைத் திறந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு யானை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தெரியாதுங்க."

"காலையில இருந்து இவரு சொன்னதுலயே ஐயப்படாம நம்புறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார் மெத்தோடியஸ், தன் பந்தலைப் பார்த்து. கைதட்டல் அப்போதுதான் வந்தது. அத்தை கைதட்டவில்லை. அபராதம் கேட்டாள்: இல்லாத முகலுலாவுக்காக ஒரு சேவல், தின்ற வெட்டுக்கிளிகளுக்காக வெட்டுக்கிளிக் குலத்து அண்ணிக்கு ஒரு புதுத்துணி. சாலோங்கோ பேரம் பேச வாயெடுத்தார். கிஸ்ஸா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். அப்பா கூடைகளை உள்ளே எடுத்துவரச் சொன்னார்.

ஸ்கோவியா எழுந்து போகும்போது எங்கள் வரிசையைக் கடந்தாள். நான் மெல்ல, "முன்னாடியே அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டானா?" என்றாள்.

சாப்பாடு வந்தது. மசித்த வாழைக்காய், வாழையிலையில் கட்டி வேகவைத்த கோழி, கடலைக் குழம்பு. மெத்தோடியஸும் சாலோங்கோவும் ஒரே தட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யாரை மடக்கினார்கள் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வைத்த இலை பிரிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் காணோம். புதுத்துணிக்குப் பயந்து ஓடிவிட்டானோ என்று அத்தை சத்தமாகச் சந்தேகப்பட்டாள். நான் தேடப் போனேன்.

வேன்களுக்குப் பின்னால் இருந்தான். கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"...இல்ல அத்தை, சண்டை போட வரலை. ஆமா, கிஸ்ஸாதான் பேசுறேன். ஆமா, செபுக்வாவோ மகன்தான், நெசமாத்தான்... கட்டெரேகாவோட அப்பாவுக்கு எங்க அப்பா வேற பேரு சொல்றாருங்களே. நீங்க சொல்ற பேரை உங்களுக்கு யாரு சொன்னது?... சரி, உங்க பெரியம்மா சொன்னாங்க. அவங்க அவரைப் பாத்திருக்காங்களா? உயிரோட இருந்தப்பவா?"

என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். போனைக் கையால் மூடினான்.

"சிமெண்ட் லோடு விஷயமாப் பேசுறேன். நீ போய்ச் சாப்பிடு."

நான் நகரவில்லை. அவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டான். குரலை இன்னும் தணித்தான்.

"சொல்லுங்க அத்தை, இருக்கேன்... அந்தப் பெரியம்மா இப்ப எங்க இருக்காங்க?"